இன்னிக்குத்தான் பொறந்தோம்

"நான் இன்னா, இல்லாததையா சொன்னேன்? அந்தக் கதை ஊருக்கே…"

"ஊருக்கே தெரிஞ்ச கதையை அந்த மனுஷன் எதிர்லயா அண்ணி சொல்லணும்? பந்தியில அத்தினி பேரு…"

"என்னைப் பேச உடு சவுரி. அத்தினி பேரும் சிரிச்சாங்களா இல்லியா? உம் புருஷன் சிரிச்சானா இல்லியா? நீயே முந்தானையால வாயைப் பொத்திக்கினு…"

"சிரிச்சேன். சிரிச்சதுக்குத்தான் இன்னிக்கு அழுவுறேன். உங்க வாயை ஆம்பூர்லயே வெச்சுட்டு வந்திருந்தீங்கன்னா எங்களுக்கு இந்த நெலமை வந்திருக்காது."

பூவம்மாள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்து, அரிசியில் இல்லாத கல்லைத் தேட ஆரம்பித்தாள்.

பின்வாசல் படியில் தானியேல் உட்கார்ந்திருந்தான். ஈரத் துணியில் வெள்ளைக்கட்டியைத் தேய்த்து, கான்வாஸ் பூட்ஸுக்குப் பூசிக்கொண்டிருந்தான். வலது கால் பூட்ஸ் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. அதற்கே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருந்தான். மனைவியின் குரலும் அக்காவின் குரலும் அவன் தலைக்கு மேலே போய்வந்துகொண்டிருந்தன.

அன்றைக்குச் சனிக்கிழமை. பதினொரு மணிக்குக் கல்லூரிக் கமிட்டி கூடுகிறது.

தானியேல் வேலூர்க் கல்லூரியில் பிசிகல் டைரக்டர். மாணவர்களுக்கு டிரில் மாஸ்டர், அக்காவுக்கு டிரில் வாத்தியார். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தவன். இந்த மார்ச் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிப்பதாகப் பிரின்ஸ்பால் துரையே வாய்விட்டுச் சொல்லியாயிற்று. கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

போன ஞாயிறு சபைப் போதகரான கோயில் ஐயர் வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நானம். விருந்தில் பூவம்மாளும் உட்கார்ந்திருந்தாள். தலையில் தண்ணீர் பட்டதும் அந்தக் குழந்தை வீறிட்டு அழுததைப் பற்றிப் பேச்சு வந்தது. உடனே அவள், முப்பத்தேழு வருஷமாகச் சொல்லிவரும் கதையை எடுத்துவிட்டாள்.

ஆம்பூரில் அவர்கள் தெரு முழுவதும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்ற கதை அது. அவள் அப்பா மாசிலாமணிக்குத் தோல் பதனிடும் கொட்டாயில் சுண்ணாம்புக் குழியில் வேலை. குழிக்குள் தோலை ஊறப்போட்டால் மயிரெல்லாம் கழன்று வரும். குழிப் பக்கம் போனால் உங்கள் தலைமயிரும் போய்விடும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அன்றைக்கு வெள்ளைக்காரத் துரை கை நிறையத் தண்ணீரை எடுத்துச் சின்னப் பையன் தலைக்கு மேலே கொண்டுபோனார். பையன் அண்ணாந்து பார்த்து மழலையில் கேட்டான்.

"இது துண்ணாம்புத் தண்ணியா தொரே? என் முடியெல்லாம் உதுந்துடுமா?"

அந்தப் பையன்தான் தானியேல். பூவம்மாள் கதையை எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பாள். "அன்னிக்கே கேட்டான் பாரு," என்று தம்பியின் வழுக்கையைக் காட்டுவாள். பந்தி கொல்லென்று சிரிக்கும். தானியேலும் தலையைத் தடவிக்கொண்டு சிரிப்பான்.

அன்றைக்கு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் கல்லூரி ஆபீஸ் மானேஜர் சுந்தரமூர்த்தி. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"அப்போ தம்பிக்கு இன்னா வயசும்மா இருக்கும்?"

"நாலு முடிஞ்சிருக்கும் சாமி. வாய் ஓயாம பேசுவான்."

அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. நீட்டிக்கும் நாளில் பிசிகல் டைரக்டருக்கு நாற்பது வயது நிறைந்திருக்கக் கூடாது. கல்லூரிப் புத்தகத்தில் தானியேல் பிறந்தது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது, மே இருபத்தொன்று. அப்படியானால் வயது முப்பத்தாறு. ஆனால் அதே மே இருபத்தொன்றுதான் அவன் ஞானஸ்நானம் பெற்ற நாளும். பிறந்த அன்றைக்கே வாய் ஓயாமல் பேசிய பிள்ளை உலகத்தில் உண்டா என்று புதன்கிழமை சுந்தரமூர்த்தி கமிட்டிக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

"அந்த ஆளுக்கு நம்ம மேல இன்னா கோவம்?" என்றாள் பூவம்மாள், முறத்தைப் பார்த்துக்கொண்டே.

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. டிசம்பர் மாசம் அவரு அக்கா பையன் வேலுவை ஓட்டப் போட்டியில ஜூனியர் இல்லன்னு எடுத்தாரே உங்க தம்பி. பதினெட்டுன்னு எழுதிட்டு இருவது வயசுல ஓடுனான்னு சொல்லி, குடுத்த கப்பைத் திரும்பி வாங்குனாரே. அத்தினி காலேஜு பசங்க எதிர்ல."

"அது நியாயம்தானே."

"நியாயம்தான். நியாயத்தைச் சாப்பிட்டுக்கினு இந்த வீட்டைக் காலி பண்ணலாம்." சவுரியம்மாள் குரலை இறக்கினாள். "அண்ணி, இது காலேஜு குடுத்த வீடு. வேலை போனா வீடும் போவும். மெட்ராஸ்ல டிரெயினிங் முடிச்ச பசங்க இருபத்திரண்டு வயசுல வந்து நிக்குறாங்க. நாப்பத்தோரு வயசு டிரில் மாஸ்டரை எவன் வெச்சுக்குவான்?"

"நான் இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"ராத்திரி சொன்னேனே. ஒரே வார்த்தை. துண்ணாம்புன்னு சொன்னது தானியேல் இல்ல, ஏசுதாசன். தானியேல் கைக்குழந்தை. அவ்வளவுதான்."

ஏசுதாசன் இன்னொரு தம்பி. ஞானஸ்நானத்தின்போது அம்மா மடியில் கிடந்த கைக்குழந்தை அவன்தான் என்பது கதை. அந்த வருஷ மழைக்கு ஆம்பூரில் வாந்திபேதி வந்தபோது போய்விட்டான்.

"செத்துப்போன பையன் சவுரி அவன்."

"அதனாலதான் சொல்றேன். அவனுக்கு வேலை போவாது."

முறத்தில் கை நின்றது. பூவம்மாள் மெதுவாக எழுந்து பின்வாசலுக்கு வந்து, தம்பிக்கு நேராக நின்றாள். பத்து வயதிலிருந்து தோல் கொட்டாயில் ஆவாரம்பட்டை இடித்த கை அவளுடையது. அந்தப் பட்டையின் காவி விரல் இடுக்கில் இன்னும் இருந்தது. தானியேல் சைதாப்பேட்டைக்குப் படிக்கப் போனபோதும் அவள் இடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"தானி, நீ சொல்லு. நீ வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லு, நான் போய் சொல்றேன். சொல்லாதேன்னு சொன்னாலும் சரி."

தானியேல் பூட்ஸைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். அதில் ஒரு அழுக்கும் இல்லை.

"நேரமாவுது அக்கா," என்றான். "பொடவை மாத்திக்கினு வா."

பூவம்மாள் சற்று நேரம் அவன் வழுக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

*

வழியில் கல்லூரி மைதானம். திங்கட்கிழமை விளையாட்டு விழா. ஓடுகிறவர்களுக்காகச் சுண்ணாம்புக் கோடுகள் போடப்பட்டிருந்தன. தானியேலே முந்தின நாள் மாலை கயிறு பிடித்துப் போட்டது. ஒரு கோடு மட்டும் முனையில் கொஞ்சம் வளைந்திருந்தது. அவன் நின்றான்.

"இன்னா?"

"கோணலா இருக்கு. கயிறு நழுவிடுச்சு போல."

"அப்பா கையில இருந்த சுண்ணாம்பு உன் கைக்கும் வந்துடுச்சு பாரு."

"இது கோடு போடற சுண்ணாம்பு அக்கா."

"தண்ணி பட்டா எல்லாம் ஒண்ணுதான்."

இரண்டு பேரும் நடந்தார்கள். தானியேல் வெள்ளை பூட்ஸில் சத்தமில்லாமல் நடந்தான். பூவம்மாள் செருப்பில்லாமல் அதைவிடச் சத்தமில்லாமல் நடந்தாள்.

"தானி."

"ம்."

"திங்கக்கிழமைக்குக் கோட்டைச் சரி பண்ணிடுவியா?"

"பண்ணணும். யாரு பண்றாங்களோ தெரியல."

*

கமிட்டி அறையில் நீள மேஜை. ஒரு முனையில் பிரின்ஸ்பால் துரை. பக்கத்தில் கோயில் ஐயர், மடியில் பழைய கோயில் பதிவுப் புத்தகம். எதிரில் ஆம்பூர்த் தோல் முதலாளி ஹயாத் பாஷா. அந்த மைதானத்தை வாங்கிக் கொடுத்தவர். பேனாவும் காகிதமுமாகச் சுந்தரமூர்த்தி. தானியேலுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு.

பூவம்மாள் நடுவில் நின்றாள்.

"நீ மாசிலாமணி பொண்ணில்ல?" என்றார் ஹயாத் பாஷா. "எங்க அப்பா காலத்துல குழியில இருந்த ஆளு. நல்ல கைப்பாங்கு. உக்காரும்மா."

"நிக்கிறேன் சாயபு. உக்காந்தா எனக்குப் பேச்சு வராது."

பாஷா சிரித்தார். சுந்தரமூர்த்தி சிரிக்கவில்லை.

"ஐயரே, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படிக்கிறீங்களா?"

ஐயர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். குடும்பத்துக்கு ஒரு பத்தி. மாசிலாமணி, பிறந்த தேதி ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது, மே இருபத்தொன்று. மனைவி ரெபேக்காள், அதே தேதி. மகள் பூவம்மாள், அதே தேதி. மகன் ஏசுதாசன், அதே தேதி. மகன் தானியேல், அதே தேதி.

"அப்பா, அம்மா, புள்ளைங்க மூணு பேரு, எல்லாரும் ஒரே நாள்ல பொறந்திருக்காங்க," என்றார் சுந்தரமூர்த்தி. "இந்தப் புஸ்தகத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துல எழுதுனாங்க. பள்ளிக்கூடத்தைப் பார்த்து நாம எழுதுனோம்."

"இது எவ்விதம் நேர்ந்தது?" என்று துரை கேட்டார். அவர் வேதாகமத்திலிருந்து தமிழ் படித்தவர்.

"நான் சொல்றேன் தொரே," என்றாள் பூவம்மாள். "எனக்குப் பத்து வயசு. உபதேசியார் மூணு மாசம் எங்க தெருவுக்கு வந்து பாடம் சொன்னாரு. ஞானஸ்நானம் வாங்குற அன்னிக்குத்தான் நீங்க புதுசா பொறக்கறீங்க, அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் கணக்கே இல்லன்னாரு. தெனம் அதையே சொல்ல வெப்பாரு. அன்னிக்குக் கோயில்ல வேற ஒரு எழுத்தர் உக்காந்துக்கினு பேரு கேட்டாரு, பொறந்த தேதி கேட்டாரு. எங்க அப்பா உபதேசியார் பரிட்சை வெக்கிறாருன்னு நெனச்சுக்கினாரு. நெஞ்சை நிமித்திக்கினு, இன்னிக்குத்தான் பொறந்தோம் சாமின்னாரு. எங்க அப்பா சொன்னாருன்னு தெருவே அதைத்தான் சொல்லுச்சு."

ஐயர் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். பக்கம் முழுக்க ஒரே தேதி. ஹயாத் பாஷா மீசைக்குள் சிரித்தார்.

"பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வயசு பாக்கலியா?" என்றார் சுந்தரமூர்த்தி.

"தலையைச் சுத்திக் கை காதுக்கு எட்டுதான்னு பார்த்தாங்க. எட்டுச்சு."

"அப்போ புஸ்தகம் சாட்சி இல்ல. உயிரோட இருக்கிற சாட்சி நீங்க ஒருத்தர்தான்." சுந்தரமூர்த்தி பேனாவை மையில் தொட்டார். "சுண்ணாம்புத் தண்ணியான்னு கேட்டது யாரு?"

தானியேல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூவம்மாள் ஒருமுறை அவன் பக்கம் திரும்பினாள். அவன் நிமிரவில்லை.

"ஏசுதாசன்," என்றாள்.

பேனா எழுதவில்லை. "போன ஞாயித்துக்கிழமை தானியேல்னு சொன்னீங்களே அம்மா. நூறு பேரு கேட்டோமே."

"சொன்னேன். இத்தினி வருஷமா அப்பிடித்தான் சொல்றேன்."

"ஏன்?"

சவுரியம்மாள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். இதற்கு மேல் சொல்லிக்கொடுத்த வார்த்தை எதுவும் இல்லை. அக்கா திணறுவாள் என்று தானியேல் நினைத்தான்.

"ஏசுதாசன்தான் பெரியவன்," என்றாள் பூவம்மாள். "தானியேல் பொறந்து எட்டு மாசம். அம்மா மடியில இல்ல, நான்தான் வெச்சிருந்தேன். அப்ப இருந்த தொரை தண்ணியைத் தூக்கும்போது என் மேல மூத்திரம் பேஞ்சான். தொரை அங்கியிலயும் தெறிச்சுது. நான் பயந்து செத்தேன். ஏசுதாசன் அப்பாவோட வேட்டியை ரெண்டா மடிச்சுக் கட்டிக்கினு முன்னாடி நின்னான். அவனுக்கு ச வராது. சோறைத் தோறும்பான். அவன்தான் கேட்டான், துண்ணாம்புத் தண்ணியான்னு. எங்க அம்மா அவன் காதைப் பிடிச்சுத் திருகுச்சு. இடது காது. அதுல ஒரு மரு இருக்கும்."

பூவம்மாள் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"அந்த மழைக்கு அவன் பூட்டான். காலையில கஞ்சி குடிச்சான், பொழுது சாயறதுக்குள்ள இல்ல. அதுக்கப்பறம் எங்க அம்மா பேசல. வேலைக்கு வரும், பட்டை இடிக்கும், பேசாது. தெருவுல யாராவது மறந்துபோய் அந்தச் சுண்ணாம்புக் கதையை எடுத்தா, இடிக்கிற ஒலக்கையை அப்பிடியே போட்டுட்டு எழுந்து போய்டும். ஒரு வருஷம் அப்பிடியே போச்சு. தானியேல் மழலை பேச ஆரம்பிச்சான். ஒரு நாள் அப்பா இவனைத் தூக்கி மடியில வெச்சுக்கினு, அம்மா காதுல உழற மாதிரி பக்கத்து வூட்டு ஆளுகிட்ட சொன்னாரு. இந்தப் பய இருக்கானே, ஞானஸ்நானத்துல தொரையையே கேள்வி கேட்டான்னாரு. பக்கத்து வூட்டு ஆளுக்குத் தெரியும் அது இவன் இல்லன்னு. பேசாம சிரிச்சான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் சிரிச்சுது."

பூவம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அன்னிலேருந்து தானியேல் சொன்னதுன்னே ஆயிடுச்சு. யாரும் மாத்தல. அம்மா செத்த பிற்பாடும் மாத்தல. மாத்தி இன்னா ஆவப்போவுது?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹயாத் பாஷா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பஸ், போதும் மானேஜர். ஜாஸ்தி கேக்காதீங்க," என்றார்.

துரை பேனாவை எடுத்தார். மூன்று வருஷம். கையெழுத்துப் போட்டார்.

சுந்தரமூர்த்தி எழுந்து வந்து பூவம்மாளின் கட்டைவிரலை மையில் அழுத்தி ஒரு காகிதத்தில் பதித்தார். பிறகு அதே காகிதத்தைத் தானியேலின் முன்னால் வைத்தார்.

"நீங்களும் சார். அக்கா சொன்னது உண்மைன்னு உங்களுக்குத் தெரியும்னு எழுதியிருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "தெரியும்தானே?"

தானியேல் பேனாவை வாங்கினான்.

"வேலுகிட்ட கப்பைத் திருப்பி வாங்கும்போது ஒரு வார்த்தை சொன்னீங்க சார். வயசுல பொய் சொன்னவன் கோட்டுக்குள்ள நிக்கக் கூடாதுன்னு. பையன் இன்னும் அதைச் சொல்லிக்கினே இருக்கான்."

தானியேல் கையெழுத்துப் போட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்தைப் போல அது இல்லை.

*

"கெடச்சுதா?" சவுரியம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "எத்தினி வருஷம்?"

"மூணு," என்றான் தானியேல்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிக்கிறாள். உள்ளே ஓடிப்போய் அடுப்பில் காப்பித் தண்ணீர் வைத்தாள். அங்கிருந்தே பேசினாள்.

"அந்த ஆளு விட்டுட்டானா? நோண்டி நோண்டிக் கேட்டிருப்பானே. அண்ணி உளறிடுவாங்கன்னு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துக்கினே இருந்தேன். பொய் சொன்னா அண்ணி மாதிரி சொல்லணும். நான் ஒரு வரிதானே சொல்லிக் குடுத்தேன்."

தானியேல் சமையலறை வாசலுக்கு வந்தான்.

"மருவைப் பத்தி நீ சொல்லிக் குடுத்தியா?"

"இன்னா மரு?"

"காதுல. ஏசுதாசன் காதுல."

"எனக்கெப்பிடிங்க தெரியும்? நான் இன்னா அந்தப் புள்ளையைப் பார்த்தேனா?"

"எங்கம்மா எழுந்து போவும்னு? ஒரு வருஷம் பேசலன்னு?"

சவுரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். கையில் காப்பிப் பொடி டப்பா. "இன்னாங்க சொல்றீங்க? அதெல்லாம் சொன்னாங்களா அங்க?" பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டாள். "சொல்லட்டும். கூடக் கொறச்சி சொன்னாத்தானே நம்புவாங்க. மூணு வருஷம் கெடச்சுதில்ல."

உள்ளறையில் பூவம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு புடவை, ஒரு பைபிள், ஒரு வெற்றிலைப் பை. மூட்டை கட்டுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"எங்க அண்ணி கெளம்பிட்டீங்க?" என்று சவுரியம்மாள் வந்து நின்றாள். "காப்பி போடறேன். ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போய்ட்டு…"

"என் வாயை ஆம்பூர்லயே வெச்சுட்டு வந்திருக்கலாம்னு சொன்னியே. அங்கயே கொண்டுபோய் வெச்சுடறேன்."

"கோவத்துல சொன்னேன் அண்ணி. மனசுல வெச்சுக்காதீங்க."

"நான் எதையும் மனசுல வெச்சுக்கல சவுரி. எல்லாத்தையும் வெளிய சொல்லிட்டேனே."

"அங்க போய் தனியா இன்னா பண்ணப்போறீங்க?"

"எங்க தெரு முனியம்மா வூட்டுல ஒரு மூலை இருக்கு. பட்டை இடிக்கத் தெரியும். வேற இன்னா வேணும்?"

சவுரியம்மாள் கணவனைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்களேன் என்று கண்ணால் கேட்டாள். அவன் அக்காவின் இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் இடது காதைத் தொட்டான். அங்கே எதுவும் இல்லை. இருந்ததாகவும் ஞாபகம் இல்லை.

தெருமுனையிலிருந்து ஜட்கா ஒன்றைக் கூட்டிவந்தான். ஆம்பூர் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் தானும் வருவதாகச் சொன்னான். பூவம்மாள் வேண்டாம் என்றாள். மூட்டையை மட்டும் அவனிடம் கொடுத்தாள். அவன் அதைத் தூக்கி வண்டியில் வைத்தான். குதிரைக்காரன் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"கோட்டைச் சரி பண்ணு," என்றாள். "திங்கக்கிழமைக்குள்ள. கோணலா இருந்தா ஓடறவங்க எடறி உழுந்துடுவாங்க."

"அக்கா."

"வெயில்ல நிக்காத. தலை சுடும்."

"அக்கா, இரு."

பூவம்மாள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வேலூர்க் கோட்டைப் பக்கம் பார்த்தாள். தானியேல் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கம்பி சுட்டது, விடவில்லை. சின்ன வயதிலிருந்து அவனுக்கு ஒன்று தெரியும். தலையில் குளிர்ந்த தண்ணீர், கழுத்து வழியாக இறங்கி, முதுகில் ஓடி, சில்லென்று. கண்ணை மூடினால் இப்போதும் வரும். யாரிடமும் அதைச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

குதிரைக்காரன் சாட்டையை எடுத்தான்.

"அந்தத் தண்ணி என் தலையில உழுந்தது எனக்கு ஞாபகம் இருக்குதுக்கா," என்றான் தானியேல். "கமிட்டியில நீ சொன்னது பொய்தானே?"